ஆழம் பார்த்துக் காலை விடுங்கள்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பிளஸ் டூ பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைத்திருக்கிற தலைமையாசிரியர் அவர்களே, காலையிலேயே வந்து நாற்காலி எடுத்துப் போட்ட நம் நூலகர் அவர்களே, வேலைப் பளுவால் வர இயலாமல் போன மாவட்ட நூலக அலுவலர் அவர்களே (பேச்சு அவர் காதுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறேன்), கிராம நிர்வாக அலுவலர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். கிராம நிர்வாக அலுவலருக்கு மட்டும் நடுவில் இன்னொரு வணக்கம் வைக்க வேண்டியிருக்கும். காரணம் பிறகு தெரியும்.

'வெளிமாநிலப் பல்கலைக்கழகம்: சேர்வதும் மகிழ்வதும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து விஷயம் சொல்வதாக உத்தேசம். சான்றிதழ், தேர்வு, பணம், சாப்பாடும் குளிரும், மொழி. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இருக்கட்டும்.

பிள்ளை டெல்லிக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னவுடன் நம் வீடுகளில் வருகிற முதல் வாசகம் என்ன? 'ஆழம் தெரியாமல் காலை விடாதே.' தாமிரபரணிக்கரை ஜனங்களுக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்க வேண்டாம். நேற்று முழங்கால் நனைந்த இடத்தில் இன்றைக்கு மணல் அள்ளிய குழி ஆளை முழுங்கும். ஆனால் பழமொழியைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஆற்றில் இறங்காதே என்றா சொல்கிறது? ஆழம் தெரிந்துகொள் என்கிறது. கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்கிறது.

நம் சீமைக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த பையன், அப்பா காலமான பிறகு 1898-இல் அத்தை வீட்டுக்குக் காசிக்குப் போனார். அங்கே படித்து, அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். இந்தியும் சமஸ்கிருதமும் கற்றார். நாம் படத்தில் பார்க்கிற தலைப்பாகையும் மீசையும் காசியில் வந்தவை. இன்று அங்கே இருக்கிற காசி இந்துப் பல்கலைக்கழகம் அப்போது கிடையாது. அது 1916-இல் வந்தது.

இப்போது கம்பை ஊன்றுவோம். 2022-இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. கணினியில் எழுத வேண்டும். 2025 முறைப்படி அதிகபட்சம் 5 பாடம் எழுதலாம். ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம், எல்லாக் கேள்வியும் கட்டாயம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தப்புக்கு 1 கழியும். 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் உண்டு. தமிழையே மொழிப்பாடமாகவும் எடுக்கலாம். இது நம் பிள்ளைகள் பாதிப் பேருக்குத் தெரியாது.

பிசகு எங்கே வருகிறது? முதலில் பாடத் தேர்வில். சேர நினைக்கிற பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்கு எந்தெந்தப் பாடம் கேட்கிறது என்று பார்க்காமல், தோழி எடுத்த பாடத்தை எடுத்துவிடுவார்கள். மார்க் நிறைய வரும், ஆனால் மொழிப்பாடம் எழுதாததால் தகுதிப் பட்டியலிலேயே பெயர் இருக்காது. தகுதி விவரத்தை முதலில் படித்துவிட்டு அப்புறம் பாடத்தைத் தொடுங்கள்.

இரண்டாவது பிசகு பிரவுசிங் சென்டரில். அவசரத்தில் கடைக்காரர் தன்னுடைய மெயில் ஐடியையும் போன் நம்பரையும் போட்டுவிடுவார். கலந்தாய்வு நேரத்தில் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பார். பிள்ளையின் பெயரில் ஒரு மெயில், மூன்று மாதம் ரீசார்ஜ் தீராத ஒரு நம்பர், கடவுச்சொல்லை எழுதிவைக்க ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

மூன்றாவது, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றிதழில் வேறு எழுத்து. வடக்கே உட்கார்ந்திருக்கிற அலுவலருக்கு இது மூன்று ஆட்கள். பிளஸ் ஒன் படிக்கும்போதே ஆதாரை மதிப்பெண் பட்டியலோடு பொருத்திவிடுங்கள்.

இனி கிராம நிர்வாக அலுவலருக்கு இரண்டாவது வணக்கம். நம் மாநிலம் கொடுக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை வைத்து மத்தியப் பல்கலைக்கழகத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கை மாறி வரும். இதில் கவனிக்க வேண்டியது தேதி. ஒதுக்கீடு கிடைக்காத வசதி படைத்தவர் பிரிவில் ('கிரீமி லேயர்' என்பார்கள்) இல்லை என்பதை அந்த நிதியாண்டுக்குக் காட்ட வேண்டும், அதனால் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். போன வருஷம் வாங்கிப் பத்திரமாக லேமினேட் செய்து வைத்தது செல்லாது. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம்; அதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வயல் வைத்திருக்கிறவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள், மாநிலப் பட்டியலும் அதுவும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. கடைசி நாளில் அலுவலரைப் பிடித்து உலுக்குவதை விட ஏப்ரல் முதல் வாரத்தில் போய் நிற்கலாம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு படி இருக்கிறது. க்யூட் எழுதிய பிறகு, எல்லாருக்கும் இடம் பிரித்துக் கொடுக்கிற அவர்களுடைய இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும். கல்லூரியும் பாடமும் சேர்த்து விருப்ப வரிசை கொடுக்கலாம். எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. முதலில் கிடைத்த இடத்தைக் குறித்த நேரத்துக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அடுத்த சுற்றுக்குப் பெயர் போகாது. ஏற்றுக்கொண்டு, மேலே நகர்த்தக் கேட்கலாம். 'நல்லது வரட்டும்' என்று சும்மா இருந்தவன் ஊர் திரும்புவான்.

இதற்குள் இங்கே பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்திருக்கும். இங்கே ஓர் இடம் வாங்கி வைத்துக்கொண்டு அங்கே முயலுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தரப் பல்கலைக்கழக மானியக் குழு விதி இருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. அரசுத் தேர்வுத் துறை தருகிற இடப்பெயர்வுச் சான்றிதழை மறக்காதீர்கள். வேறு மாநிலத்தில் அதைக் கேட்பார்கள்.

சரி, குளிருக்கு வருவோம். நம் பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருத்தன் டெல்லிக்குப் போனான். அவன் அம்மா கட்டிக் கொடுத்ததை ரயிலில் ஏற்றவே இரண்டு சித்தப்பா வேண்டியிருந்தது. இட்லிப் பொடி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், அல்வா, எல்லாவற்றுக்கும் மேலே செக்கில் நின்று ஆட்டி வாங்கிய தேங்காயெண்ணெய் 2 லிட்டர். செப்டம்பர், அக்டோபர் சுகமாகப் போனது. டிசம்பரில் ஒரு காலையில் பாட்டிலைக் கவிழ்க்கிறான், ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது. அறைத் தோழன் பீகார்க்காரன், அவன் முகர்ந்து பார்த்து, நெய்யா என்று கேட்டானாம். பையன் ஊருக்குப் போன் போட்டான். 'எம்மா, எண்ணெ கட்டியாயிட்டும்மா.' அம்மா என்ன நினைப்பாள்? 'ஏலே, மெழுகுல்ல கலந்திருக்கான் பாவி!' அப்பா அரை நாள் கூலியை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செக்கடிக்குப் போய்விட்டார். 'என்னவே அண்ணாச்சி, எண்ணெயின்னு மெழுவ வித்துட்டீரு?' செக்குக்காரர் விடுவாரா? 'மூணு தலமொறையா செக்கு ஓடுது, எவனும் ஒரு சொல்லு சொன்னதில்ல. ஒம்ம மவன் டெல்லித் தண்ணிய ஊத்திட்டு எங்கிட்ட வாரீரா?' தெருவே கூடிவிட்டது. கடைசியில் இந்தத் தலைமையாசிரியர் மாதிரி ஒரு விஞ்ஞான வாத்தியார் அந்த வழியே வந்து, ஒரு பாட்டிலை ஐஸ்கிரீம் கடைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். எல்லாரும் காத்து நின்றார்கள். எடுத்துப் பார்த்தால் கட்டி. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் அந்த நிலை வருவது அபூர்வம், டெல்லி ஜனவரியில் இரவில் 7 டிகிரி சாதாரணம். அங்கே அதே நேரம் விடுதியில் ஒரு கோட்டயத்துப் பையன், பாட்டிலை வெந்நீர் வாளியில் பத்து நிமிஷம் நிறுத்திக் காட்டிவிட்டான். வாய் அகலமான டப்பாவில் ஊற்றி வைத்தால் விரலால் வழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் விஷயம்.

ஸ்வெட்டருக்குத் திருநெல்வேலியில் கடை கடையாக ஏறாதீர்கள். நவம்பரில் அங்கே போய் வாங்குங்கள், உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி முதலில். ரயிலுக்கு முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் போய்விட்டது. பொங்கலுக்கு ஊர் வர நினைக்கிற பிள்ளை நவம்பர் நடுவிலேயே திருக்குறள் எக்ஸ்பிரஸுக்கு உட்கார்ந்துவிட வேண்டும்.

டிக்கெட் கிடைக்கவில்லையா, அழ வேண்டாம். ஜனவரி நடுவில் பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு லோஹ்ரி, அசாம் பிள்ளைகளுக்கு மாக் பிஹு, மற்றவர்களுக்குச் சங்கராந்தி, நமக்குப் பொங்கல். ஒரே வாரம். கரும்புக்கு உத்தரப் பிரதேசம் பக்கத்திலேயே இருக்கிறது, மஞ்சள் குலைக்குத்தான் வழியில்லை. ராகிங் பயம் உள்ள பெற்றோர் 1800-180-5522 என்ற இலவச எண்ணைப் பிள்ளையின் போனில் பதிந்து கொடுங்கள்.

பணம். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பிசி, எம்பிசி மாணவர்கள் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தால், நம் மாநில அரசு ஆண்டுக்கு 2 லட்சம் வரை உதவுகிறது. மற்றவை இன்னொரு கூட்டத்துக்கு. மொழி பற்றியும் அன்றைக்கே.

ஏனென்றால் இன்று நான் வந்த காரியம் வேறு. அந்தப் பிள்ளை அங்கே கண்டு மயங்குவது எதை? செங்கோட்டையை ஒரு தரம் பார்ப்பான். நூலகத்தைத் தினமும் பார்ப்பான். இரவு முழுக்க விளக்கெரியும் வாசிப்புக் கூடம் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. நம் நூலகத்தை எத்தனை மணிக்குப் பூட்டுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். நூலகரைக் குறை சொல்லவில்லை, அவர் ஒற்றை ஆள். க்யூட் கேள்வி என்சிஇஆர்டி என்ற மத்திய அரசு நிறுவனம் போடுகிற பாடப்புத்தகத்திலிருந்து வருகிறது. நம் பிள்ளைகள் படிப்பது மாநிலப் பாடத்திட்டம். என்சிஇஆர்டியின் 12-ஆம் வகுப்புப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம்தான், ஆனால் அம்மாவின் போனில் 300 பக்கம் படிக்க எந்தக் கண் தாங்கும்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்கிறோமே, ஆழம் பார்க்கக் கம்பை யார் கொடுப்பது?

வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், ரூபாய்க்கு 10 காசு. 1948-இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலில் நூலகச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. அந்தக் காசுக்கு மூன்று பொருள் கேட்கிறோம்: என்சிஇஆர்டி புத்தகம் பாடத்துக்கு மூன்று பிரதி, இணையத்தோடு இரண்டு கணினி, விண்ணப்ப மாதங்களில் இரவு 8 மணி வரை திறப்பு. சனிக்கிழமை தோறும் படிவம் நிரப்பிக் கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாற்காலிதான் வேண்டும்.

ஊராட்சித் தலைவர் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடை ஏறும்போது சொன்னார், அதை இப்போது எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பேனாவைச் சணல் நூலால் மேசைக்காலில் கட்டியிருக்கிறோம், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பெயரை இனிஷியலோடு, ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். வணக்கம்.