யாக்கோபு 1:6 கார்டை இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க | விசுவாசத்துல சந்தேகம் வந்தா என்ன செய்யணும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். இந்த வாரம் லெந்துகால வாசிப்பு அட்டவணை போடுறேன்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். இன்னிக்கு வேற விஷயம். பெங்களூர் லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் ஹாரன் சத்தம் நடுநடுவுல வரும், பொறுத்துக்கோங்க. ஜன்னலை மூடினா இங்க உக்கார முடியல.

மூணு நாளா ஒரே கார்டு வாட்ஸ்அப்ல சுத்துது. நீலக் கலர், பின்னாடி கடல் அலை, மேல கொட்டை எழுத்துல யாக்கோபு 1:6. "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்." அதுக்குக் கீழ சிவப்புல, "சந்தேகம் சாத்தான் விதைப்பது". நம்ம குரூப்ல ஒரு தம்பி ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து, "அக்கா, ஜெபம் பண்ண உக்காந்தா அங்க யாராவது கேக்குறாங்களான்னே தெரியல"ன்னு எழுதியிருக்கான். அதுக்கு அடியிலயே இந்தக் கார்டு. ரெண்டு பேர் கைகூப்புற படம் வேற போட்டிருக்காங்க. எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு.

பைபிளைத் திறங்க. ஆறாம் வசனத்துக்கு மேல அஞ்சாம் வசனம் இருக்கு இல்லையா? ஞானத்துல குறைவா இருக்கிறவன் யார்கிட்ட கேக்கணும்? "யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில்." கடிந்துகொள்ளாதவர்! கேக்குறவனைத் திட்டமாட்டார்னு சொல்ற வசனத்தை வெட்டி எறிஞ்சிட்டு, அடுத்த வசனத்தை வச்சு ஒரு புள்ளையைத் திட்டுறாங்க.

அந்த ஆறாம் வசனத்துல சந்தேகத்துக்கு வர்ற கிரேக்க வார்த்தை தியாக்ரினோ. பிரிச்சுப் பாக்குறது, மனசு ரெண்டா நிக்குறதுன்னு இடத்துக்குத் தகுந்த மாதிரி அர்த்தம் வரும். இதே வார்த்தை யூதா நிருபம் 22-ஆம் வசனத்துலயும் இருக்கு. நம்ம பழைய மொழிபெயர்ப்புல "சிலருக்கு இரக்கம் பாராட்டி"ன்னு போகும், அந்தச் சிலர் யாருன்னு பளிச்சுன்னு தெரியாது. இப்ப வர்ற மொழிபெயர்ப்புகள் நிறைய, சந்தேகப்படுறவங்களுக்கு இரக்கம் காட்டுங்கன்னே போடுது. இதுக்கு யாரும் கார்டு அடிக்கல.

மத்தேயு 28:17 பாருங்க. உயிர்த்தெழுந்த இயேசுவை மலைமேல நேர்ல பாத்த சீஷர்கள் "பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்". அங்க வர்றது வேற வார்த்தை, திஸ்தாசோ. புதிய ஏற்பாடு முழுசுலயும் ரெண்டே இடம்தான் அது. இங்க ஒண்ணு, பேதுரு தண்ணிமேல நடந்து முங்கினப்ப இயேசு கேட்ட "ஏன் சந்தேகப்பட்டாய்"ல ஒண்ணு. முங்குனவனைக் கையை நீட்டிப் பிடிச்சதுக்கு அப்புறம்தான் அந்தக் கேள்வியே வருது. 28-ல சந்தேகப்பட்ட அந்தச் சிலரை யாரும் மலையிலேர்ந்து இறக்கி விடல. எல்லாருக்கும் சேத்துதான் "புறப்பட்டுப்போய்" கட்டளை.

சரி, என்ன செய்யணும்னு வர்றேன். சந்தேகத்தை அதட்டாதீங்க, வகை பிரிங்க. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. மாத்திக் கொடுத்தா முத்திப்போகும்.

அதுக்கு ஒரு நோட்டு வேணும். இந்த நோட்டைப் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும். மால்ல "பிரேயர் ஜர்னல்"னு ஒண்ணு, துணி அட்டை, ரிப்பன், 640 ரூபாய். உள்ள பக்கத்துக்குப் பக்கம் பூ, மூணுல ஒரு பங்குதான் எழுத இடம். அதுவும் "இன்று நான் நன்றி சொல்வது"ன்னு தலைப்பு அச்சடிச்சிருக்கு. அதுல போயி "கடவுளே நீர் இருக்கீரா"ன்னு எங்க எழுதுறது? அவென்யூ ரோட்டுக்குப் போங்க. மொத்தக் கடையில கணக்கு எழுதுற லெட்ஜர் நோட்டு கேளுங்க, சிவப்பு முதுகு வச்சது, 55 ரூபாய். தேதி, விவரம், ஃபோலியோ (பக்க எண் போடுற இடம்), ரூபாய், பைசான்னு கட்டம் போட்டே வரும். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இதைவிடப் பொருத்தமான நோட்டே கிடையாது! இடது பக்கம் கேள்வி. அதுக்கு நேரா வலது பக்கம் என்னைக்கு என்ன கிடைச்சதுன்னு. ஃபோலியோ கட்டத்துல வகையோட முதல் எழுத்து. ரூபாய்க் கட்டத்துல முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க. பைசாக் கட்டத்துல அன்னைக்கு எத்தனை வேளை சாப்பிட்டீங்க. ரெண்டு வாரம் எழுதுங்க, அவ்வளவுதான்.

முதல் வகை, உடம்புக் களைப்புல வர்ற சந்தேகம். தூக்கம் எதுக்குன்னு கேப்பீங்க. 1 இராஜாக்கள் 19. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்து "போதும் கர்த்தாவே"ன்னு சொல்றார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணல. தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணி. சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. அதுக்கப்புறம் நாப்பது நாள் நடை. ஓரேபுக்குப் போய்ச் சேந்த பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்"ங்கிற கேள்வியே. இந்த வரிசையைத் தலைகீழா பண்றோம் நாம. நாலு மணி நேரம் தூங்கினவனைப் பிடிச்சு வச்சு முதல்லயே கேள்வி கேக்குறோம். லெட்ஜர்ல ரூபாய்க் கட்டம் 4, 5, 4னு ஓடுற நாள்லதான் "கடவுள் இல்ல"ங்கிற வரியும் விழுதுன்னா, முதல்ல ஏழு நாள் தூக்கத்தைச் சரி பண்ணுங்க. ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் கேள்வி எழுதலாம், பதில் முடிவு பண்ணக்கூடாது. ராத்திரி ஷிஃப்ட்காரங்க இதை அப்படியே திருப்பிக்கோங்க. தூங்கி எழுந்த முதல் மூணு மணி நேரம்தான் உங்களுக்குப் பகல்.

அடுத்தது காயம். அப்பாவுக்காக ஜெபிச்சோம், போயிட்டார். குழந்தைக்காக ஜெபிச்சோம், தங்கல. வெளிய பாத்தா இது "பைபிள் உண்மையா"ங்கிற கேள்வி மாதிரியே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: இந்தக் கேள்விக்கு இப்பவே ஒருத்தர் அப்பழுக்கில்லாத பதில் சொல்லிட்டா, நெஞ்சுல பாரம் இறங்குமான்னு கேட்டுப் பாருங்க. இறங்காதுன்னா அது காயம். அதுக்கு விவாத வீடியோ பாக்காதீங்க, தயவுசெஞ்சு. அதுக்கு சங்கீதம் 13 இருக்கு, எப்படி வாசிக்கணும்னு கடைசில சொல்றேன்.

இந்தக் காயத்துல பாதி நாமளே வாங்கிக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல கையில கொடுக்கிற வாக்குத்தத்த அட்டை. எரேமியா 29:11, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள். ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சு, அக்டோபர் வரைக்கும் ஒண்ணும் நடக்கலன்னா, கடவுள் சொன்ன சொல் தவறிட்டார்னு மனசு சொல்லும். பத்தாம் வசனம் வாசிச்சிருக்கீங்களா? "பாபிலோனில் எழுபதுவருஷம்." அது பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதின கடுதாசி. அதைக் கேட்ட பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்புறதைப் பாத்திருக்கவே முடியாது. அவங்களுக்குச் சொன்னது, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. வாக்குத்தத்தம் உண்மைதான். டிசம்பருக்குள்ளங்கிற கெடு நாம ஒட்டினது. அட்டை எடுத்தா, அந்த அதிகாரத்தை முழுசா அன்னைக்கே வாசிங்க. இது கண்டிப்பா.

மூணாவதுதான் நிஜமான அறிவுக் கேள்வி. இதுக்கு ஜெபம் பண்ணு, போயிடும்னு சொல்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கேள்விக்குப் படிப்புதான் மருந்து. ஆனா அளவா. கேள்வியை ஒரே வாக்கியமா, கேள்விக்குறியோட எழுதுங்க. "பைபிள்ல ஏகப்பட்ட குழப்பம்" கேள்வி இல்ல, அதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது. "மாற்கு 16-ல கடைசிப் பன்னிரண்டு வசனம் பழைய பிரதிகள்ல இல்லாதது ஏன்?" இது கேள்வி.

இதையே பண்ணிக் காட்டுறேன், மாற்கு 16 எடுங்க. பழைய மொழிபெயர்ப்புல 20 வசனமும் ஒரே ஓட்டமா இருக்கும். பொது மொழிபெயர்ப்பு, அதான் 1995-ல வந்தது, அதையும் பக்கத்துல வச்சு அடிக்குறிப்பு, அடைப்புக்குறி எல்லாத்தையும் பாருங்க. நாலாம் நூற்றாண்டுப் பிரதிகள் ரெண்டு, சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி, ரெண்டும் எட்டாம் வசனத்தோட நிக்குது. பெண்கள் பயந்து ஓடுறாங்க, முடிஞ்சுது. இது உண்மைதான், மறைக்க ஒண்ணுமில்ல. ஷார்ட்ஸ்ல திடீர்னு பாக்குறப்பதான் "சபை நம்மகிட்ட மறைச்சிருச்சு"ன்னு தோணும். அந்த ஏமாத்தம்தான் ஆளைக் கவுக்குது, விஷயம் இல்ல. அடுத்து, இது மேல எது நிக்குதுன்னு கேளுங்க. உயிர்த்தெழுதலே இந்தப் பன்னிரண்டு வசனத்தை நம்பியா இருக்கு? 1 கொரிந்தியர் 15, மூணுலேர்ந்து எட்டு. கி.பி. 55 வாக்குல எழுதின கடிதம். அதுல பவுல், நான் பெற்றதையே உங்களுக்குக் கொடுத்தேன்னு சொல்லி, இயேசு யார் யாருக்குக் காட்சி கொடுத்தார்னு வரிசையா சொல்றார். அது மாற்கு 16:9-ஐ நம்பி நிக்கல. ஆனா பாம்பை எடுக்குறது, 16:18, அது மேல மட்டும் ஒரு உபதேசம் கட்டினா அது ஆடும். இப்படித்தான் வரவுப் பக்கம் எழுதணும், எது ஆடுது, எது ஆடலன்னு.

ஒரு கேள்விக்கு மூணு உக்காருதல், ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷம். மாத்துக் கருத்து சொல்றவங்க எழுதினதையும் அவங்க வார்த்தையிலயே படிங்க, நம்ம ஆளு அவங்களைப் பத்திச் சொன்னதை மட்டும் படிச்சா போதாது. முடியலன்னா "இதுவரை தெரிஞ்சது"ன்னு நாலு வரி எழுதி, ஆறு மாசம் கழிச்ச தேதி போட்டு மூடுங்க. ஒரே சமயத்துல நரகம், டைனோசர், மத்த மதத்துக்காரங்க எல்லாத்தையும் திறந்து வச்சா ஒண்ணும் முடியாது.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், நல்ல வேளை. நாலாவது வகை. இதைக் கவனமா கேளுங்க. "பரிசுத்த ஆவிக்கு விரோதமா தூஷணம் பேசிட்டேனோ, மன்னிப்பே கிடையாதோ"ன்னு மாற்கு 3:29 ஒரு நாளைக்கு முப்பது தடவை மனசுல ஓடுது. பாஸ்டர்கிட்ட கேட்டா அரை மணி நேரம் நிம்மதி, திரும்ப அதே. ஜெபத்துல ஒரு வார்த்தை தப்பினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இதை விசுவாசக் குறைவுன்னு விட்டுராதீங்க, ஓசிடியோட (ஒரே எண்ணம் விடாம திரும்பத் திரும்ப வர்ற மனநோய்) ஒரு முகமா இருக்கலாம். இதுல ஆறுதல் சொல்லச் சொல்ல ஜாஸ்தியாகும், ஏன்னா ஒவ்வொரு ஆறுதலும் அடுத்த கேள்விக்குத் தீனி. இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியாருக்கு ஸ்பெயின்ல மன்ரேசாங்கிற ஊர்ல இருந்தப்ப இதே பாடு. தெளிவா தெரியிற பழைய பாவத்தை மட்டும் அறிக்கை பண்ணுன்னு குரு சொன்னார். அவருக்கு எல்லாமே தெளிவாத்தான் தெரிஞ்சுது, அதனால அந்த உத்தரவு உதவல. சொல்றவங்க பல பேரா இருக்கவே கூடாது, ஒரே ஆள்தான். கூடவே டாக்டர். நம்ம ஊர்ல ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில ஓசிடிக்குன்னே தனி கிளினிக் இருக்கு. போக முடியலன்னா டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர், 14416, தமிழ்லயும் பேசலாம். சாகணும்னு தோணுதுன்னா நோட்டு எல்லாம் அப்புறம், முதல்ல அந்த நம்பர், வீட்டுல ஒரு ஆள்.

சபை ஆளுங்க பண்ணின அநியாயத்தால வர்ற சந்தேகம் தனி வீடியோ. ஒண்ணு மட்டும், அதை லெட்ஜர்ல எழுதறப்போ மனுஷன் பேரைப் போட்டு எழுதுங்க, கடவுள் பேர்ல எழுதாதீங்க.

யார்கிட்ட பேசுறது? ஆராதனை முடிஞ்சு கேட்கிட்ட நிக்கிற சபை ஐயரைப் பிடிக்காதீங்க, அவருக்குப் பின்னாடி இருபது பேர் நிப்பாங்க. வாரநாள்ல முக்கால் மணி நேரம் கேட்டு வாங்குங்க, ஒரே கேள்வி, எழுதி எடுத்துட்டுப் போங்க. ஃபாதரோ பாஸ்டரோ, "எனக்குத் தெரியல, பாத்துச் சொல்றேன்"னு சொல்றவர் கிடைச்சா விட்டுராதீங்க. ஜெபக் கூட்டத்துல மட்டும் சொல்லாதீங்க. ஒரு மணி நேரத்துல அது ஜெபக்குறிப்பாகி கம்மனஹள்ளி வரைக்கும் போயிரும். நீங்க சண்டே ஸ்கூல் டீச்சரா இருந்தா, அந்தப் பாடத்தை ஒரு மாசம் வேற ஆள்கிட்ட கொடுங்க. ஆனா ஞாயித்துக்கிழமை வர்றதை விடாதீங்க.

இதுக்குத்தான் தோமாவைச் சொல்லணும். "சந்தேகத் தோமா"ன்னு கூப்பிடுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். அதே யோவான் 11:16-ல "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்"னு சொன்னவர் அவர்தான். அந்தப் பேர் மட்டும் ஏன் ஒட்டல? யோவான் 20:26, எட்டு நாள் கழிச்சு, "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்". அந்த எட்டு நாளும் இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பல, ஆனா கூட இருந்தார். மத்தவங்களும் வெளிய போன்னு சொல்லல. விசுவாசப் பிரமாணம் சொல்றப்ப வாய் வரலன்னா பரவால்ல, நில்லுங்க. கி.பி. 325-ல நிசேயாவுல கூடின சபைத் தலைவர்கள் எழுதினப்ப கிரேக்கத்துல அது "விசுவாசிக்கிறோம்"னுதான் ஆரம்பிச்சுது, பன்மை. உங்க வரிசையில நிக்கிறவங்க அன்னைக்கு உங்களுக்காகவும் சொல்லட்டும்.

சங்கீதம் 13 சொல்றேன்னேனே. ஆறே வசனம். முதல் ரெண்டுல நாலு "எதுவரைக்கும்" இருக்கு, எண்ணிப் பாருங்க. சத்தமா வாசிங்க, மனசுக்குள்ள வேண்டாம். நாலாவது "எதுவரைக்கும்" வாசிச்சதும் நிறுத்தி, உங்களோடதை அஞ்சாவதா ஒரு வரி லெட்ஜர்ல எழுதுங்க. அப்புறம் மூணு, நாலு வசனம். அஞ்சாவதுல "நம்பிக்கையாயிருக்கிறேன்"னு வரும். வாயில வந்தா சொல்லுங்க. வரலன்னா இழுத்துச் சொல்லாதீங்க, நாலோட மூடிட்டு 88-க்குப் போங்க. அதுல நம்பிக்கைக்குத் திரும்புற இடமே கிடையாது, எபிரெயத்துல கடைசி வார்த்தையே இருள்தான். அதையும் எடுத்து ஜெபப் புத்தகத்துல வச்சிருக்காங்க. எத்தனை நாளைக்கு 88 வாசிச்சீங்கன்னு அந்தப் பக்கத்து ஓரத்துல கோடு போட்டுட்டே வாங்க. 13:5 என்னைக்கு வாயில வருதோ அந்தத் தேதியை வலது பக்கம் எழுதுங்க.