ஒடெசாவில் பிறந்த கேப்டன்

நண்பர்களே, 110க்கு 4. ரக்பி ஆட்டக்காரர் இயன் ரூபின் என்று பேச்செடுத்தாலே, அவருடைய அணி தோற்ற இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறார்கள். நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரூபின் பிறந்தது ஒடெசாவில். அன்றைக்கு அது சோவியத் யூனியன், இன்றைக்கு உக்ரைன். 13 பேர் ஆடும் ரக்பியான ரக்பி லீக் ஆடிப் பெயர் எடுத்தது சிட்னியில். சவுத் சிட்னி, சிட்னி ரூஸ்டர்ஸ் என்று இரண்டு கிளப்புகளுக்கு ஆடினார். முன்வரிசை ஆட்டக்காரர். எதிரணிச் சுவரில் போய் மோதி, அடி வாங்கி, விழுந்த இடத்தில் நாலு கெஜம் பிடித்துக் கொடுப்பது இவர்கள் வேலை. மறுநாள் பேப்பரில் படம் வருவதோ ட்ரை போட்டவருக்கு, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தவருக்கு.

2000 உலகக் கோப்பையில் அவர்தான் ரஷ்யாவின் கேப்டன். ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டம் 1908 முதல் நடக்கிறது. ரஷ்யாவுக்கு அது வந்து சுமார் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. சோவியத் யூனியன் உடைகிற நேரத்தில், 15 பேர் ஆடும் ரக்பியை விட்டு 13 பேர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் அங்கே முன்னோடிகள்.

அப்படிப்பட்ட அணிக்கு ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம். ஃபிஜியிடம் 38-12 என்று தோல்வி. இங்கிலாந்திடம் 76-4. அப்புறம் நவம்பர் 4, இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஆஸ்திரேலியாவிடம் அந்த 110-4. ஆஸ்திரேலியாவின் ரயன் கர்ட்லர் ஒருவரே 46 புள்ளிகள் எடுத்தார்.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். அன்றைய ரக்பி லீக் விதிப்படி, எதிரணிக்குப் புள்ளி விட்டுக்கொடுத்த அணிதான் நடுக்கோட்டிலிருந்து பந்தை உதைக்க வேண்டும். அதாவது, இப்போதுதான் நம்மை அடித்தவன் கையிலேயே பந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அன்று ஆஸ்திரேலியா போட்டது 19 ட்ரை. ஒவ்வொரு முறையும் கம்பத்துக்குக் கீழே கூடி நிற்பது, கூடுதல் புள்ளிக்காக எதிரணி உதைக்கும் பந்து தலைக்கு மேலே பறப்பதைப் பார்ப்பது, மூச்சு வாங்க நடுக்கோட்டுக்கு நடப்பது, உதைப்பது, அதன் பின்னாலேயே ஓடிப்போய் மறுபடி மோதுவது.

இதைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 80 நிமிஷம் முடியும்வரை அவர்கள் உதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.