வருகைப் பதிவேட்டின் வால்

(திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசியது. நடுவில் வந்த இருமலையும் செல்போன் மணியையும் மட்டும் எடுத்துவிட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. அழைப்பிதழில் என் தலைப்பை ‘மாநகராட்சிப் பள்ளி மாணவர்களின் தேர்ச்சி’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நடுநிலைப்பள்ளி வாத்தியாராக இருந்தவனிடம் தேர்ச்சியைக் கேட்பது, கன்னுக்குட்டியைப் பிடித்து எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்பது போல. எங்களிடம் இருப்பது ஒன்றிலிருந்து எட்டு. எட்டு முடிகிறவரை எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. 2019-இல் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. இங்கேயும் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, தாளைப் பார்த்தால் எங்கள் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. பேச்சு முடிந்தது, உட்கார்ந்துவிடலாம்.

உட்கார விடாமல் செய்வது ஒரு நோட்டு. வருகைப் பதிவேடு.

ஜூன் மாதம் புதுப் பதிவேட்டை எழுதும்போது பையன்கள் முதலில், பெண்பிள்ளைகள் பிறகு, இரண்டு பக்கமும் அகர வரிசை. பார்க்க அழகாக இருக்கும். ஜூலையில் ஒரு குழந்தை வந்தால் கடைசியில் எழுதுவோம். ஆகஸ்டில் இரண்டு, அதற்கும் கீழே. இப்படி வால் நீளும். மேலே அகர வரிசையில் இருந்த பெயர்களில் சிவப்பு மைக் கோடு விழும். கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் ‘காமன் பூலு’க்குப் போகும். எந்தப் பள்ளியிலும் இல்லாத குழந்தைகளுக்கு எமிஸ், அதாவது கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவேடு, வைத்திருக்கும் குளம் அது. எங்காவது ஒரு தலைமையாசிரியர் வலை போட்டு எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆனதும் திருப்பூர் காலியாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாரத்துப் பதிவேட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. டிக்கெட் கிடைத்து, ஊர் போய், திரும்பி வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். சில பேர் பொங்கல் கழித்து வருவார்கள். சில பேர் வரவே மாட்டார்கள்.

‘வடநாட்டுப் பிள்ளைகள் வந்துதான் பள்ளி கெட்டது’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் வீட்டில் பேசுவது கன்னடம். கொங்குச் சீமையில் தறியோடு வந்த தெலுங்கும் கன்னடமும் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன! அந்தப் பிள்ளைகளும் ‘அ’ எழுதும்போது புதிதாகத்தான் எழுதினார்கள். அப்புறம் பனியன் கம்பெனிக்கு மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. இப்போது பீகார், ஒடிசா. வால் புதிதில்லை, நீளம்தான் கூடியிருக்கிறது.

தலைப்பக்கமும் மாறியிருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பி வெகுகாலம் ஆகிறது. தனியார் பள்ளியில் நலிந்த பிரிவினருக்கு 25 சதவீத இடம் என்ற ஏற்பாடும் வந்தது. அதற்கு விண்ணப்பிக்க வருமானச் சான்றோ சாதிச் சான்றோ, கூடவே பிறப்புச் சான்று எல்லாம் வேண்டும். அதைச் சேர்க்கத் தெரிந்த ஏழை அங்கே போய்விடுகிறார். ஒரு பேப்பரும் இல்லாத ஏழை எங்களிடம் வருகிறார். வயதுச் சான்று இல்லை என்று சொல்லி நாங்கள் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, சட்டம் அப்படி. அனுப்பவும் கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஜூனில் ஒரு வகுப்பில் 40 பேர், சராசரி 55 மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்குள் 12 பேர் போய், வேறு 12 பேர் வருகிறார்கள். நின்ற 28 பேரும் ஜூனில் அதே 55-இல் இருந்தவர்கள், ஏப்ரலில் 60 வாங்குகிறார்கள். புதிதாக வந்த 12 பேர் தமிழே இப்போதுதான் கற்கிறார்கள், 30 வாங்குகிறார்கள். மொத்தம் கூட்டி நாற்பதால் வகுத்தால் 51. ஆய்வுக் கூட்டத்தில் என்ன சொல்வார்கள்? “55 இருந்தது 51 ஆகிவிட்டது, என்ன சார் பண்றீங்க?” டீச்சர் தலை குனிந்து நிற்பார். அவர் பாடம் நடத்திய ஒரு குழந்தைகூடக் கீழே போகவில்லை. இதற்கு நடுவில் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ‘ஏசர்’ அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்த அறிக்கை கிராமப்புற வீடுகளில் எடுப்பது, எங்கள் தெருவுக்கு அது வருவதில்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, பதிவேட்டில் 38-ஆம் எண், வாலில் இருந்தவன். பீகார். அவன் அம்மா வீட்டிலேயே பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறார். பீஸுக்கு இத்தனை பைசா என்று கூலி, சாயங்காலம் டஜன் எண்ணிக் கொடுப்பது இவன் வேலை. கணக்குத் தேர்வில் ஒரு கேள்வி: ‘ஒரு தோப்பில் வரிசைக்கு 12 தென்னங்கன்றுகள் வீதம் 14 வரிசைகள் நட்டால் மொத்தம் எத்தனை கன்றுகள்?’ விடை எழுத வேண்டிய இடத்தில் கேள்வியையே திருப்பி எழுதி வைத்திருந்தான், ‘வீதம்’ என்பதில் ‘வீ’யின் மேல்சுழி இல்லாமல் புள்ளி மட்டும் இரண்டு வைத்து. சுழியம் போட்டாயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்: “பீஸுக்கு 30 பைசா. 14 டஜன் வெட்டினா எவ்வளவுடா சாமி?” கண்ணை மேலே சொருகினான், விரல்கூட மடக்கவில்லை. “பச்சாஸ் ருபயா, சாலீஸ் பைசா.” ஐம்பது ரூபாய் நாற்பது பைசா, சரிதான். 14 டஜன் என்றால் 168 பீஸ். தென்னங்கன்றும் அதே 168. சுழியம் போட்டது யாருக்கு என்று எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு வேலை செய்தோம். வாலில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குக் கேள்வியை டீச்சர் வாயால் வாசித்துக் காட்டுவது. அவ்வளவுதான். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. எல்லாருக்கும் மார்க் ஏறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கணக்கில் தப்பு எது, தமிழில் தப்பு எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுக்க வந்தது. நல்ல திட்டம், திங்கட்கிழமை வருகை எப்படி ஏறியது என்று என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் பணியில் இருந்தவரை அது ஐந்தாம் வகுப்போடு நின்றது. நடுநிலைப்பள்ளியில் ஒரே கட்டடம், ஒரே திண்ணை. நாலாவது படிக்கிற தம்பி கிச்சடி சாப்பிடுவான், ஆறாவது படிக்கிற அக்கா அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா எட்டரை மணிக்குக் கம்பெனியில் இருக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. வீட்டில் காலையில் அடுப்பு எரிந்திருக்காது. மிச்சம் இருந்தால் சமையல் அக்கா கண்ஜாடை காட்டுவார், நான் அந்த நேரம் பார்த்துப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, கல்லூரியில் மாத உதவித்தொகை தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளியைப் பார்க்கிறார்கள். ஏழாவதில் பாட்னாவிலிருந்து வந்து சேர்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம் இடிக்கிறது. அவள் அப்பா அம்மா தைத்த பனியன் கப்பலேறி எங்கெங்கோ போகிறது.

இங்கே லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள். வாடகை நோட்டில் அட்வான்ஸ் எழுதுகிறீர்கள், கரண்ட் ரீடிங் எழுதுகிறீர்கள். அதே பக்கத்தில் குழந்தை பெயரும் வயசும் எழுதுங்க. ஜூன் முதல் வாரம் பக்கத்துப் பள்ளியில் கொண்டுவந்து காட்டுங்க. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு போன் போடுங்க.

அந்த 38-ஆம் எண் தீபாவளிக்குப் போனான், கோடு விழுந்தது. மாசி மாதம் ஒரு காலையில் வாசலில் நின்றான், அரை அடி வளர்ந்து. அதே பெயரை 43-ஆம் எண்ணில் எழுதினேன். “சார், கேள்வி படிப்பீங்களா?” என்று தமிழில் கேட்டான்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேளுங்க, குடித்துக்கொண்டே பேசலாம்.