வெர்னியருக்கு ஒரு பாதம்

நேயர்களுக்கு வணக்கம். லேத் பட்டறை நடத்துபவர்கள், ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பலர் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

நுணுக்கமாக அளவு பார்க்கும் வெர்னியர் இல்லாத பட்டறை கிடையாது. அதன் வால் பக்கம் மெல்லிய கம்பி ஒன்று நீளுமே, ஆழம் பார்க்க? தண்டில் சாவி உட்காரும் பள்ளம், அதாவது கீவே, அதன் ஆழத்துக்கு அதைத்தான் விடுகிறோம். ஆனால் அந்த வால் முனை விரல் அகலம்தான். ஜாப் மேல், அதாவது வேலை செய்யும் உருப்படி மேல், நிறுத்தினால் இப்படியும் சாயும், அப்படியும் சாயும். வெர்னியர் 0.02 மி.மீ. வரை படிக்கும், கை சாய்வதில் போவது அதைவிட அதிகம். வாலில் அகலமாக ஒரு பாதம் மாட்டினால் நேராக நிற்கும். கடையிலும் கிடைக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கணினியில் உருப்படியை அளவோடு வரையும் கேட் (CAD) மென்பொருள் படிக்க இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. சின்ன உருப்படி, வேலைக்கு உதவும், சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை. ஃப்ரீகேட் என்கிற கேட் மென்பொருள் இலவசம், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. இறக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறைக்கு வந்துபோகிற லேத்தில் கடைசல் பிடிக்கும் மூத்த டர்னர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அண்ணன். ஒருநாள் தம்பி ஒருவன் கணினியில் இந்தப் பாதத்தை வரைந்துகொண்டிருந்தான். அண்ணன் பின்னால் வந்து நின்றார். "என்ன தம்பி, அந்த ஓட்டை எதிலிருந்து எவ்வளவு?" என்றார். "சும்மா நடுவில் வைத்திருக்கிறேன் அண்ணா." "நடு என்றால் எதுக்கு நடு?" தம்பி மௌஸால் அந்த வட்டத்தைத் தொட்டான், அது வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கே போய்விட்டது! அண்ணன் சிரித்துவிட்டு, தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு அடிக்கோட்டைத் தடிப்பாக இழுத்தார். "இதுதான் ஆதார முகம். எல்லா அளவையும் இங்கிருந்தே எடு." கணினியை அதுவரை தொட்டதில்லை அவர். ஆனால் மென்பொருள் கேட்பதும் அதையேதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு செவ்வகம் நகராமல் நிற்க நான்கு விவரம் வேண்டும்: நீளம், அகலம், இடவலமாக எங்கே, மேல்கீழாக எங்கே. நான்கையும் சொல்லிவிட்டால் ஃப்ரீகேட்டில் கோடுகள் பச்சையாகிவிடும். ஒன்று குறைந்தாலும் ஆகாது. இது புதிய சங்கதியும் அல்ல. 1963இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் ஸ்கெட்ச்பேட் என்று ஒன்றைச் செய்து காட்டினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு இழுத்து, இவை இரண்டும் இணையாக இருக்க வேண்டும் என்றால் கணினி தானே திருத்திக்கொள்ளும். ஆக, மறுபடி சொல்கிறேன்: கேட் படிப்பது படம் வரையப் படிப்பது அல்ல. எந்த அளவு எதைச் சார்ந்தது என்று சொல்லப் படிப்பது. படம் வராது என்று பயப்படும் டர்னர்களுக்குத்தான் இது சீக்கிரம் வரும். ஆதார முகத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் கோடு போடுங்கள்.

அப்படிச் செய்தால் இன்னொரு லாபம். நண்பரின் வெர்னியர் கொஞ்சம் தடிமனா? ஓர் எண்ணை மாற்றினால் போதும், பாதத்தில் வால் நுழையும் காடி தானே அகலமாகும். உங்கள் வெர்னியரின் வால் தடிமனை எதால் அளப்பது என்று கேட்கிறீர்களா? பக்கத்துப் பட்டறையில் இன்னொரு வெர்னியரை இரவல் வாங்கி வாருங்கள், வேறென்ன!

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். வரைந்த பாதத்தை த்ரீ-டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் அச்சடிப்பதைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிண்டரில் ஓட்டைகள் வரைந்ததைவிடச் சற்றுச் சின்னதாகத்தான் வரும், காடிக்கு 0.2 மி.மீ. கூடுதலாக விட்டுப் பாருங்கள். அதில் பரவலாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டை நெருங்கினாலே இளகும், வெயிலில் நிற்கும் வண்டியில் போட்டு வைக்காதீர்கள். அடிமுகத்தை, கண்ணாடி மேல் எமரி தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். மாட்டும்போது பாதம், வால் முனை இரண்டையும் ஒரே கண்ணாடியில் உட்காரவைத்து, கம்பி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துத் திருகை இறுக்குங்கள். பிரிண்டர் உயரத்தில் கொஞ்சம் முன்பின் செய்திருந்தாலும் அளவு கெடாது. திருகுக்கு எம்3, அதாவது 3 மி.மீ. திருகு, போதும், நட்டுக்கு அறுகோணக் குழியை வரையும்போதே விட்டுவிடுங்கள். வணக்கம்.