இரண்டாவது ஆள்

(கோவை உக்கடம் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு மக்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது, எழுத்தில்)

தாய்மார்களே, பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு தம்பி என்னை நிறுத்தி, "அண்ணா, எங்க ஏரியாவுக்கு ஒரு கம்பெனி வரச் சொல்லுங்கண்ணா, நூறு பேருக்கு வேலை கெடைக்கும்" என்றான். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவனைத் தாண்டி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். இந்த ஒரு பிளாக்கைச் சுற்றி நடந்து எண்ணிப் பார்த்தேன். அயர்ன் வண்டி ஒன்று. வீட்டுக்குள் ஓடுகிற தையல் மெஷின் நான்கு. பூக்கட்டுகிற பாட்டிமார் இரண்டு பேர். காளான் கடை, செல்போன் ரிப்பேர், தோசை மாவு, மாடிப்படிக்குக் கீழே டூ வீலர் பஞ்சர். பதினொரு தொழில். பதினொன்றிலும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

கம்பெனி வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இந்தப் பதினொரு பேரும் ஆளுக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் பதினொரு வேலை. பஸ் பிடிக்காமல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய்ச் செய்கிற வேலை. அந்த இரண்டாவது ஆள் ஏன் வரவில்லை? இன்று நான் பேச வந்தது அது ஒன்றைத்தான்.

நம்ம ஊர் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1888-இல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை வந்தது. 1932-இல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்தது, அதன் பிறகு மில்கள் வரிசையாகப் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் செய்ய, ரிப்பேர் பார்க்கப் பட்டறை வந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்க மோட்டார் பம்பு வந்தது. 1955-இல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அது இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். அந்தக் கிரைண்டர் ஒரே கூரைக்குக் கீழ் பிறந்து வளர்ந்ததா? கல் ஒருத்தர் கொத்துவார், டிரம் ஒருத்தர் அடிப்பார், மோட்டார் ஒருத்தர் சுற்றுவார், பூட்டி முடிப்பது இன்னொருத்தர்.

கணபதி, ஆவாரம்பாளையம் தெருக்களில் வீட்டு முன்னறையில் இரும்பைக் கடைகிற ஒரு லேத் மெஷின் போடுவார்கள். இரண்டு வருஷத்தில் மச்சானைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிறகு வேலை கற்றுக்கொள்ள ஒரு பையன் வருவான். ஆறேழு வருஷத்தில் அந்தப் பையன் பக்கத்துத் தெருவில் தன் லேத்தைப் போடுவான். அப்படி வந்த பையன்களில் நானும் ஒருவன். பதினாறு வயதில், லேத்தில் வெட்டும்போது விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுகிற வேலையில் ஆரம்பித்தேன். அந்தப் பட்டறைக்கு நான்தான் இரண்டாவது ஆள்.

இங்கேயே வேறொரு பிளாக்கில் இருக்கிற ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டாம் மாடியில் வீடு, 400 சதுர அடிதான் இருக்கும். மாவரைத்து விற்கிறார். கடனை உடனை வாங்கிப் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கினார். அதை மேலே ஏற்ற நான்கு பேர், கயிறு, ஒரு முழுப் பொழுது. ஏற்றியாயிற்று. ஆனால் அவருடைய வீட்டுக்கு நேர் கீழே மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஒரு தம்பி இருக்கிறார். காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். கிரைண்டர் ஓடினால் அவர் கட்டில் அதிரும். "அக்கா, தூங்கவே முடியலீங்க" என்று ஒருநாள் வந்து நின்றார். சண்டை போடவில்லை, கண் சிவந்து போய் வந்து நின்றார். அன்றிலிருந்து அக்கா சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுக்குள் அரைத்து முடிப்பார். நல்ல தண்ணி வருகிற அன்றைக்கே குடங்களில் பிடித்து மேலே சுமந்து வைத்திருக்க வேண்டும், உப்புத் தண்ணியில் அரைத்தால் மாவு விலை போகாது. ராத்திரி பாக்கெட் போட வேண்டும், விடிவதற்கு முன்னால் கடைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாம் அவர் ஒருத்தர்.

கேட்கிற கடைகள் இருந்தன. எதிர் வீட்டு மருமகள் பாக்கெட் போட வர ஆசையாக இருந்தாள். "இரண்டு மணி நேரத்துக்கு 150 ரூபாய் குடுத்துர்றேன் கண்ணு" என்று அக்காவும் சொன்னார். ஆனால் அந்தப் பெண் உட்கார இடம் எங்கே? கட்டிலில் மாமனார், தரையில் படிக்கிற பிள்ளை, மூலையில் கிரைண்டர். வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தார்கள், நடக்கிற வழி என்று புகார் வந்தது. ஆறு மாதம் அந்த வேலை இடமில்லாததாலேயே பிறக்காமல் இருந்தது.

கடைசியில் தரைத் தளத்தில் தனியாக இருக்கிற வயதான தம்பதி தங்கள் முன்னறையை மாதம் 2,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கிரைண்டர் கீழே இறங்கியது. இறக்கிய மூன்றாவது வாரம் எதிர் வீட்டு மருமகள் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது கடைகளுக்குக் கொண்டுபோக ஒரு பையனும் இருக்கிறான். முன்னறை கொடுத்த தாத்தா, கேட்காமலே பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கிறார்.

அந்த இரண்டாவது வேலை பயிற்சி வகுப்பில் பிறக்கவில்லை, கடனில் பிறக்கவில்லை. ஒரு அறையில் பிறந்தது. ஏரிக்கரையிலும் குளத்துமேட்டிலும் வாசலில் பாய் விரித்துத் தொழில் செய்த எத்தனையோ குடும்பங்கள் கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி என்று அடுக்குமாடிக்கு மாறின. நல்ல கூரை கிடைத்தது, மழைக்குப் பயமில்லை, அது பெரிய காரியம். ஆனால் வாசல் போய்விட்டது. ஏழைத் தொழிலாளிக்கு வாசல்தான் பட்டறை, அதுதான் கடை. சென்னை கிண்டியிலும் அம்பத்தூரிலும் மாநில அரசின் சிறுதொழில் நிறுவனமான சிட்கோ அடுக்குமாடித் தொழிற்கூடம் கட்டியிருக்கிறது. அதே யோசனையைச் சின்னதாக்கி, குடியிருப்புக்கு உள்ளேயே, ஒவ்வொரு பிளாக்கின் தரைத் தளத்திலும் தண்ணீர்க் குழாயும் தனி மீட்டரும் வைத்து இரண்டு வேலை அறை கொடுங்கள் என்று கேட்கிறேன். புதிதாகக் கட்டும்போதே வரைபடத்தில் அது இருக்க வேண்டும்.

அடுத்தது பணம். கடன் திட்டங்கள் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். 2015-இல் மத்திய அரசின் முத்ரா தொழில் கடன் வந்தது. மாநில அரசின் படித்த வேலையற்ற இளைஞர் திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. தெரு வியாபாரிகளுக்கு 2020-இல் 10,000 ரூபாயில் தொடங்கிய கடன், 2025-இல் முதல் தவணையே 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் வருஷத்துக்கு 7 சதவீத வட்டி மானியம். இருந்தும் நம் ஆட்கள் தண்டல்காரரிடம் போகிறார்கள். ஏன் என்றால் அவர் வாசலுக்கு வருகிறார், இன்றைக்கே கொடுக்கிறார்.

அந்தத் தண்டலின் கணக்கை ஒருமுறை சேர்ந்து போட்டுப் பார்ப்போம். 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள். "ஆயிரம் ரூபாய்தானுங்களே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். அதனால் அந்த 100 நாளில் சராசரியாக நம் கையில் இருப்பது 4,500 ரூபாய்தான். 4,500-க்கு மூன்றேகால் மாதத்தில் 1,000 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 80 சதவீதத்தைத் தொடுகிறது. மாவு அக்கா இப்படி 30,000 எடுத்திருந்தார். தினமும் 300 ரூபாய் அங்கே போனால், 150 ரூபாய் கூலி கொடுக்கக் கையில் எது நிற்கும்? இரண்டாவது ஆளின் சம்பளத்தைத்தான் நாம் தண்டலுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மகளிர் குழுவில் சேமிப்பு வைத்திருக்கிற தாய்மார்கள், தொழில் செய்கிற உறுப்பினருக்கு வாரத் தவணையில் சின்னக் கடன் கொடுப்பதை முதல் வேலையாக வையுங்கள். முதலில் அந்தத் தண்டலை அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, சொல்லும்போதே எனக்கு வலிக்கிறது. நான் சொந்தமாக ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்த காலத்தில் ஒரு பெரிய நிறுவனம் ஏழு மாதம் பணம் தரவில்லை. பில் பாஸ் ஆகவில்லை, அடுத்த வாரம், மேனேஜர் லீவு என்று நடக்க விட்டார்கள். என்னிடம் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஐந்தாவது மாதம் ஒருவனை, "வேற எடம் பாத்துக்க சாமி" என்று அனுப்பினேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அளவு பார்க்கிற தன் வெர்னியரை எண்ணெய்த் துணியில் துடைத்து என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். அது அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. எடுத்துப் போ என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் வாங்கியவர் எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் தனி ஆளாகப் போய்க் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது, எனக்குத் தெரியும். திருப்பூர்க் கம்பெனிகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவர்களும், இங்கே கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவர்களும் குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யமில் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணமே இல்லை. பிறகு ஒரே ஆளிடம் வேலை வாங்குகிற பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதுங்கள். பத்துப் பேரையும் ஒரே நாளில் மாற்ற எந்தக் கம்பெனியாலும் முடியாது.

காளான் கடைத் தம்பி முன்வரிசையில் இருக்கிறார். தம்பி, 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி தெருக் கடைகளை முறைப்படுத்துகிற நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்குக் குறைந்தது 40 பேர் வியாபாரிகளிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். உங்கள் விற்பனைச் சான்றிதழை வாங்கி வையுங்கள். வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருக்கிற வரைக்கும் நீங்கள் ஒரு பையனைச் சேர்க்க மாட்டீர்கள்.

வரும்போது இன்னொன்றும் பார்த்தேன். மூன்றாவது பிளாக்கின் கீழே ரேஷன் கடையை ஒட்டி ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகள், ஒரு பழைய பெயர்ப் பலகை. குழாய் இருக்கிறது, மின் வயர் இழுத்திருக்கிறது. சாவி யாரிடம் என்று நான்கு பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மாநகராட்சியிடம் மக்கள் குறை சொல்கிற பகுதி சபையின் அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன். தையல் மெஷின் வைத்திருக்கிற நான்கு பேரும் என்னோடு வாருங்கள். முதல் கேள்வியாக அந்தச் சாவியைக் கேட்போம்.