கடலோர வீட்டுக்கு மரச்சட்ட வேலி: திட்டமிடும் முறை

[காட்சி: வீட்டின் முன்புறம், இரண்டு எல்லைக்கற்களுக்கு இடையே கட்டிய நூல்]

வணக்கம். வீட்டின் முன்னால் மூன்றரை அடி உயரத்தில், செங்குத்தான மரச்சட்டங்களை இடைவெளி விட்டு வரிசையாக அடித்து அமைக்கும் வேலியை எப்படித் திட்டமிடுவது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இத்தகைய வேலி போட நினைப்பவர்கள், சட்டத்தின் தலையைக் கூராக வெட்டுவதா வளைவாக வெட்டுவதா என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் காலிலிருந்து, அதாவது வேலியைத் தாங்க மண்ணில் நடும் கம்பத்திலிருந்து, தொடங்கச் சொல்வேன். மண்ணை ஒட்டிய அந்த அரையடியில்தான் ஈரம் தங்குகிறது, கரையான் ஏறுகிறது, வேலி சாய்வதும் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

குழி தோண்டும் முன் பட்டாவையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எல்லைக்கற்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கல்லைக் காணவில்லை என்றால் நில அளவரை அழைத்து அளந்து, பக்கத்து வீட்டார் முன்னிலையில் நூல் கட்டுங்கள்.

[காட்சி: தாளில் வரைந்த அளவுப்படம்]

இப்போது கணக்கு. முன்பக்கம் 40 அடி, அதாவது 480 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இருசக்கர வாகனம் நுழைய நடுவில் 40 அங்குல வாயில் விடுகிறோம். 4 அங்குலக் கால்கள் வாயிலின் இருபுறமும் நான்கு நான்காக மொத்தம் 8. அவற்றுக்கு 32 அங்குலம் போய்விடும். மீதமுள்ள 408 அங்குலத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்தால், காலுக்கும் காலுக்கும் நடுவே 68 அங்குலம் கிடைக்கிறது. அதில் 3 அங்குல அகலமுள்ள சட்டங்கள் 13 வைத்தால் மரம் 39 அங்குலம், வெற்றிடம் 29 அங்குலம். 13 சட்டங்களுக்கு 14 இடைவெளிகள் உண்டு என்பதை மறந்து 13-ஆல் வகுத்தால், கடைசிச் சட்டம் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். 14-ஆல் வகுத்தால் ஓர் இடைவெளிக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் அரை நூல் வருகிறது (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அந்த அகலத்துக்கு ஒரு ரீப்பர் துண்டை இழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவில் அதைச் செருகி அடித்தால், டேப்பை மறுபடி எடுக்கவே வேண்டியிராது. ஆறு பகுதிகளுக்கும் சேர்த்து 78 சட்டங்கள். உடைவதற்கும் கோணுவதற்குமாகச் சில சட்டங்களைக் கூடுதலாக வாங்குங்கள். இந்த இடைவெளி அழகுக்காக மட்டும் விடப்படுவதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய ஊர்ப்பகுதியில் நாம் வேலி போடுகிறோம். காற்று ஊடே போக வழியுள்ள வேலி, அடைத்த பலகை வேலியைவிடக் குறைவான அழுத்தத்தையே தாங்க வேண்டியிருக்கும்.

[காட்சி: மரவாடியில் அடுக்கிய கட்டைகளின் வெட்டுமுகம்]

மரவாடிக்குப் போனால் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நிறம் அடர்ந்த பகுதி வைரம். சுற்றிலும் வெளுத்திருப்பது வெளிறு. கரையான் முதலில் தின்பது வெளிறைத்தான் என்பதால், கால்களுக்கு வைரம் பாய்ந்த தேக்கையோ, முற்றிய பனையையோ தேர்ந்தெடுங்கள். பனையில் மட்டும் இது தலைகீழ்: வைரம் வெளிப்புறத்திலும் சோறு நடுவிலும் இருக்கும். மண்ணைத் தொடாத சட்டங்களுக்கு நன்கு உலர்ந்த வேம்பு போதும். கடலூர்க் கரையோரத்தில் சவுக்கு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் காலாக நட வேண்டாம். மண்ணுக்குள் அது நீண்ட நாள் தாங்காது.

காலை நேரடியாக மண்ணில் நடுவதானால் இரண்டரை அடிக் குழி தோண்டி, அடியில் அரையடி ஜல்லி போட்டு, இரண்டடி ஆழத்தில் காலை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து, கான்கிரீட் இடுங்கள். கான்கிரீட்டின் மேல்முகம் தரைக்கு மேல் எழும்பி, நான்கு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். என் கருத்தில் இதைவிடச் சிறந்தது, கான்கிரீட் பீடத்தில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டைப் புதைத்து, மரத்தைத் தரைக்கு மேலே இரண்டு அங்குலம் தூக்கி, போல்ட் போட்டு முடுக்குவதுதான். மரத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் தகட்டின் கைகள் ஓரடிக்குக் குறையக் கூடாது. செலவு கூடும், ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைத்துப் பார்த்தால், மரத்தின் அடி தண்ணீரில் ஊறாமல் இருப்பதற்கு அந்தச் செலவு தகும். காலின் அடிப்பகுதிக்கும் வெட்டுமுகத்துக்கும் பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசலாம். பரதவர்கள் படகு மரத்துக்குப் பூசி வந்த எண்ணெய்தான் இது. தோலில் பட்டால் கொப்புளித்துவிடும் என்பதால் கையுறை கட்டாயம்.

[காட்சி: வாயில் கதவின் பின்புறம்]

உப்புக்காற்றில் சாதாரண ஆணி துருப்பிடித்து மரத்தில் கறை வடிக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே பயன்படுத்துங்கள். கதவின் சாய்வுச் சட்டம் கீல் பக்கத்து அடிமூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போது கதவின் எடை அடிக்கீலுக்கு இறங்கும். மாற்றி அடித்தால் கதவு தொங்கிவிடும்.

வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் உலர்ந்திருக்கும், பெயின்டும் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஒவ்வொரு காலடியையும் சுற்றிப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறதோ, அங்கே மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் கீறித் தெருப்பக்கம் வடித்துவிடுங்கள்.