கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்: வடசென்னையிலிருந்து அரசு நிர்வாகப் பணிக்கு

[காட்சி: திருவொற்றியூர் தேரடி, காலை ஏழு மணி. பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடைகள், மெட்ரோ தூண்கள்.]

வணக்கம். 2011-க்கும் 2018-க்கும் இடையில் திருவொற்றியூரில் குடியிருந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை நினைவிருக்கும். சொத்து வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. சாதிச் சான்றிதழ், பட்டா என்று போனால் அது திருவள்ளூர் மாவட்டம். 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. சென்னை மாவட்டத்தின் எல்லையோ இருந்த இடத்திலேயே இருந்தது. 2018-இல்தான் அதுவும் விரிந்தது. அதுவரை ஒரே வாசற்படிக்கு இரண்டு ஊர் முகவரி.

இந்தக் கதை எதற்கு? "அரசு வேலைக்குப் படிக்கிறேன்" என்று சொல்லும் தம்பி, தங்கைகளிடம் "எந்த அலுவலகத்தில் உட்காரப் போகிறாய்?" என்று கேட்டுப் பார்க்கிறேன். மாநிலத் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4, குரூப் 2, இல்லையென்றால் ஐ.ஏ.எஸ். என்று தேர்வின் பெயர் வருகிறது. வேலையின் பெயர் வருவதில்லை. தேர்வு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் அல்லவா இருக்க வேண்டும்?

[காட்சி: கொருக்குப்பேட்டைத் தெரு. மழை விட்ட மறுநாள்.]

இந்தத் தெருவையே எடுத்துக்கொள்வோம். தேங்கி நிற்பது மழைநீரானால் அது மாநகராட்சியின் வடிகால் வேலை. சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு வருவது கழிவுநீரானால் அது குடிநீர் வாரியத்தின் வேலை. இரண்டும் கலந்து வந்தால் இரண்டு இடத்திலும் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வெள்ள நிவாரணம் என்று பேச்சு வந்தால் தாசில்தாரும் கலெக்டரும் வருகிறார்கள். அது வருவாய்த் துறை. ஒரே தண்ணீருக்கு மூன்று அலுவலகங்கள். பொது நிர்வாகம் என்பதைப் பாடப்புத்தகத்தில் தேடுவதற்கு முன் முழங்கால் அளவுத் தண்ணீரில் நாம் கற்றுக்கொண்டுவிட்டோம்.

இனி, யார் எந்தத் தேர்வு வழியாக வருகிறார்கள் என்று பார்ப்போம். தாலுகா அலுவலகத்தில் உங்கள் மனுவை வாங்குகிற இளநிலை உதவியாளர், கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர், இவர்கள் குரூப் 4. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், நேர்முகத் தேர்வு கிடையாது. துணை கலெக்டர், காவல் துணைக் கண்காணிப்பாளர் போன்றோர் குரூப் 1. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் இருக்கும் ஆணையரும், வடக்கு வட்டாரத் துணை ஆணையரும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், அவர்களில் பெரும்பாலோர் வருவது மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வு வழியாக. ஆனால் குரூப் 1 வழியாகத் துணை கலெக்டரானவருக்கும் எட்டு ஆண்டுப் பணிக்குப் பிறகு ஐ.ஏ.எஸ். பதவி உயர்வுக்கு வழி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

[காட்சி: பாரிமுனை, பேருந்துகள். சற்றுத் தள்ளி அரசுப் பணியாளர் தேர்வாணைய அலுவலகம்.]

தேர்வாணையம் பிராட்வேயிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 1929-இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டு அமைத்த பணித் தேர்வாணையத்தின் வாரிசு அது. அந்தக் காலத்தில் வேறு எந்த மாகாணத்திலும் அப்படி ஒன்று இல்லை. தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், ராஜாஜி சாலையில் கலெக்டர் அலுவலகம், எல்லாம் இந்தப் பக்கம்தான். ஆனாலும் தண்டையார்பேட்டைப் பிள்ளைக்குத் தேர்வு வழிகாட்டி வேண்டுமென்றால் அண்ணா நகருக்குப் போ என்கிறார்கள். எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை.

குரூப் 4 பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 கேள்விகள், தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கில் புலியாக இருந்தும் தமிழை அலட்சியம் செய்து கோட்டைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தமிழ்வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடு. 2010-இல் வந்த சட்டம், 2020-இல் திருத்தினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கான கல்வித் தகுதிவரை முழுவதும் தமிழில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கில வழிக்குப் போனவருக்கு என்ன ஆகும்? குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு, ஆகவே ஒதுக்கீடு உண்டு. பட்டப்படிப்பு கேட்கும் குரூப் 1, குரூப் 2-இல் கிடையாது. கல்லூரி விண்ணப்பத்தில் பயிற்றுமொழி என்ற கட்டத்தை நிரப்பும்போது இதை யாரும் சொல்வதில்லை. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். தலைமையாசிரியர் மாறிப் பதிவேடு தேடும் நிலை வந்தால் அலைச்சல்.

பொது நிர்வாகத்தில் பட்டம் வாங்கினால்தான் நிர்வாகப் பணிக்குப் போக முடியுமா? இல்லை. குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாகப் பொது நிர்வாகத்தை எடுத்தால் 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்: ஒன்று கோட்பாடு, மற்றது இந்திய நிர்வாகம். பதில்களைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் மொழித் தாள்களைத் தவிர, முதல்நிலை, முதன்மை இரண்டிலும் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அந்த மதிலை ஏறித்தான் ஆக வேண்டும்.

[காட்சி: பழைய வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி வாசல்.]

பணம்? முதல் முறை குரூப் 2 எழுதியபோது ஒரு தனியார் மையத்தில் கட்டணம் கட்டினேன்; பெயர் வேண்டாம். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. கைக்கு வந்தது பள்ளிப் பாடநூல்களின் ஜெராக்ஸ், சுருள் கம்பி போட்டு. அந்தப் பாடநூல்களை அரசு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

அதற்குள் இந்த வாசலைப் பார்த்திருந்தால் வளையல் தப்பித்திருக்கும். இந்தக் கல்லூரி வளாகத்தில் அரசே போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறது. கல்லூரிக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. மன்றத்தில் நிறைவேறிய ஒரு தீர்மானம் பிள்ளைகளின் தட்டில் சோறாக விழுந்தது. நடுவில் அரிசி வாங்கி, கணக்கு எழுதி, செலவைத் தணிக்கைக்குக் காட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நிர்வாகம் என்பது பெரும்பாலும் அவர்கள் செய்ததுதான்.

குடிமைப் பணிக்குப் படிப்பவர்கள் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தையும் பாருங்கள். தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். படிக்க அமைதியான இடம் இல்லாத வீடுகளுக்கு, கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தோடு படித்தவனுக்குத்தான் அந்த மேசையின் அருமை தெரியும்.

வேலை கிடைத்த பிறகும் படிப்பு விடாது. இளநிலை உதவியாளரானால் பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி, அதன்பின் துறைத் தேர்வுகள். தேறினால் உதவியாளர், துணை தாசில்தார், தாசில்தார் என்று படி ஏறலாம். பணியிடம் வடசென்னையிலேயே கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

[காட்சி: ராஜாஜி சாலை, கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை. திங்கட்கிழமை.]

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை இங்கே வந்து ஓர் ஓரமாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். குறைதீர்க்கும் நாள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, பட்டா கேட்டு வந்தவர், நீலநிற பிளாஸ்டிக் பையில் பத்து வருடக் காகிதங்கள். மனுவை வாங்குகிற அதிகாரியை எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் பக்கத்து மேசையைப் பாருங்கள். அங்கே ஒருவர் தலை நிமிராமல் ஒவ்வொரு மனுவிலும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருப்பார். பாட்டி, "எப்பப்பா வரும்?" என்று கேட்பது அவரிடம்தான்.